நம்மூர்க் குரல்

எலுமிச்சம்பழங்கள் ஏற்கெனவே நசுங்கிக் கிடந்தன.

மதுவந்தி ஆரத்தித் தட்டைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். முந்தின நாள், நவமி சாயங்காலம், ஆயுத பூஜைக்காக வண்டியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்துக்கு ஒரு பழமாக அவளேதான் வைத்தாள். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து வண்டியை எடுக்கும்போதுதான் அவை நசுங்க வேண்டும். கோயம்புத்தூரில் அவள் வீட்டு வழக்கம் அது. இப்போது நான்கும் அப்பளமாகத் தட்டையாகி, சாறு காய்ந்து, சிமென்ட் தரையோடு ஒட்டியிருந்தன. விதைகளைச் சுற்றி எறும்பு மொய்த்தது. வண்டியோ நேற்று நிறுத்திய அதே கோட்டுக்குள், நெற்றிப் பொட்டு கலையாமல், ஒன்றும் அறியாத பிள்ளைபோல நின்றுகொண்டிருந்தது.

கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஏரிக்குப் போகும் வழியில் இருந்த அந்தக் கட்டடத்தின் தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். முற்றத்துத் துர்கா பூஜைப் பந்தலிலிருந்து தாக் மேளச் சத்தம் தூண்களில் மோதி மோதி உள்ளே வந்தது. குங்கிலியப் புகையும், யாரோ கூடையில் கொட்டி வைத்த பவழமல்லியும், மழையில் ஊறிய சுவரின் பாசியும் சேர்ந்து ஒரு வாடை. அந்தச் சத்தத்துக்கும் வாடைக்கும் நடுவில் அவள் அசையாமல் நின்று யோசித்தாள்.

இந்த வண்டியை நகர்த்தச் சாவி வேண்டும், அல்லது அவள் ஃபோனில் இருக்கும் ஆப் வேண்டும். நேற்று பூஜை அலமாரியில் ஆபீஸ் லேப்டாப்பை வைத்து, அதன்மேல் மகள் சாதனாவின் புத்தகங்களை வைத்து, அதன்மேல் ஃபோனையும் சாவியையும் வைத்துப் பூப்போட்டிருந்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. ஃபோனையுமா என்று கணவன் அஷ்வத் கேலி செய்ததற்கு, எனக்குச் சோறு போடற ஆயுதம் அதுதானே என்று பதில் சொல்லியிருந்தாள். இன்று காலை அவள் விலக்கும்வரை அந்தப் பூ வைத்தது வைத்தபடியே இருந்தது.

எல்லோரும் சுபோல்தா என்று கூப்பிடும் காவல்காரர் விளக்குமாற்றோடு வந்தார். அவர் பேசியது வங்காளத்தில். நிதானமாகப் பேசினால் அவளுக்குப் புரியும்.

"என்ன பௌதி, எங்க விஸ்வகர்மா பூஜை போன மாசமே முடிஞ்சுபோச்சு, நீங்க இப்பத்தான் வண்டிக்குப் பொட்டு வைக்கிறீங்க" என்று, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தார். பிறகு, "நேத்து ராத்திரி எங்கயும் போகலையா? லைட் எரிஞ்சுது. கொஞ்சம் முன்னால வந்துச்சு, மறுபடி பின்னால போயிடுச்சு."

"யாரு ஓட்டுனது?"

"நீங்கதான்னு நினைச்சேன். கண்ணாடி கறுப்பா இருக்கு, உள்ள யாரு தெரியுது?"

அஷ்வத் துர்காப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். பூஜை விடுமுறையில் கொதிகலன் பழுதுபார்க்கும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. மேலே வந்து ஃபோன் செய்தாள்.

"பார்க்கிங்ல இருந்து தானா வெளிய வர்ற வசதி இருக்குதல்ல, அது ஏதாச்சும் கிறுக்குப் பண்ணியிருக்கும்" என்றான். "உன் ஃபோன்ல கைபட்டிருக்கும், மது."

"ஃபோன் சாமிகிட்ட இருந்துச்சுங்க. சாவியும்தான்."

அவன் பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓலமிட்டு அடங்கியது. "சரி. நான் நாளைக்கு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் வண்டியத் தொடாத."

தொட மாட்டாள். தொடும் எண்ணமே இல்லை. ஆனால் அஷ்வத்துக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

மின்சார வண்டி அது. எப்போதும் இணையத்தில் இருக்கும், வேண்டுமானால் தானே ஓடும், வழி சொல்லும், கேட்டதற்குப் பதில் சொல்லும், ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். சாதனாவுக்கு ஆறு வயது. பள்ளியிலும் மாடிப்படியிலும் வங்காளம், டிவியில் இந்தி, அம்மா தமிழில் கேட்டால் வங்காளத்தில் பதில். அது மதுவந்திக்கு உள்ளூர வலித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கொல்கத்தாவில் இருக்கும் கோவை, ஈரோட்டுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் மணிவேல் என்று ஒருவர் ஒரு ஃபைலைப் போட்டார். கம்பெனி ஆப்பை எடுத்துட்டு இதப் போட்டுக்குங்க, வண்டி நம்மூர்ப் பேச்சுப் பேசுமுங்க என்று எழுதியிருந்தார். முன்பின் தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று ஆபீஸில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுப்பவள் மதுவந்தி. அதே கையால் இதை இறக்கிப் போட்டாள். வேறு மொழியில் வந்திருந்தால் நூறு முறை யோசித்திருப்பாள். 'போட்டுக்குங்க' என்ற ஒரு வார்த்தையில் யோசனை ஓடிப்போனது.

முதல் நாள் வண்டிக்குள் உட்கார்ந்ததும், "வாங்க அம்மிணி, பெல்ட்டப் போட்டுக்குங்க. லேக் பக்கம் கூட்டமா இருக்குது, வேற தடத்துல போலாமுங்க" என்றது. நடுத்தர வயது ஆண் குரல், சொந்தத்தில் யாரோ பேசுவது போன்ற குரல். கரியாஹாட் சிக்னலில் நின்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாதனாவோ ஒரே வாரத்தில் அதோடு ஒட்டிக்கொண்டாள். வண்டியை வங்காளத்தில் காடி என்பார்கள், சித்தப்பாவைக் காக்கு. ஆகவே அது காடி காக்கு ஆனது. பிள்ளைக்குத் தமிழ் வந்தது. மதுவந்தி பெருமைப்பட்டாள்.

சாதனா சுண்டலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"மா, இன்னைக்குப் பொழுதோட ஒறம்பரைக்குப் போறோமா?"

மதுவந்தியின் கை அப்படியே நின்றது. பொழுதோட என்றால் சாயங்காலம். ஒறம்பரை என்றால் சொந்தக்காரர்கள். ஊரில் பேசுவதுதான். ஆனால் இந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. வழி சொல்லும் குரலுக்கு அந்த வார்த்தை எதற்கு?

"யாரு கண்ணு சொன்னது?"

"காடி காக்கு."

"எப்போ?"

"நீ கடைக்குள்ள போவியே, அப்பெல்லாம் பேசுவாரு. அப்பா எப்ப வருவாருன்னு கேட்டாரு. நீ என்னைய எப்ப தனியா விடுவேன்னு கேட்டாரு." சாதனா விரலை வாயில் வைத்து யோசித்தாள். "அம்மாகிட்டச் சொல்லாத, ரெண்டு பேருக்குள்ளன்னாரு. சொல்லிட்டேன்."

மதுவந்தி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். சாதனாவின் தலையில் நேற்றைய மல்லிகை வாடிய வாசனை வந்தது. அதை முகர்ந்தபடியே ஒரு கையால் குழுவில் எழுதினாள். மணிவேல் யாருங்க? யாருக்குத் தெரியும்?

பெஹாலாவிலிருந்து அருக்காணி அக்கா பேசிக் குரல் செய்தி அனுப்பினார். "நீ சேத்துவிட்ட ஆளுன்னுதான் நான் நெனச்சேன் கண்ணு." செல்வராஜ் அண்ணன், அருக்காணி அக்காவுக்கு வேண்டியவர் என்று நினைத்திருந்தார். இன்னொருவர் செல்வராஜ் அண்ணனின் பங்காளி என்று நினைத்திருந்தார். ஒவ்வொருவரும் அவரை மற்றவரின் சொந்தமாக நினைத்து வாங்க வாங்க என்றிருக்கிறார்கள். அந்த எண் சப்தமி அன்றே குழுவிலிருந்து விலகியிருந்தது.

மதுவந்தி ஆப்பை அழித்தாள். கம்பெனியின் சொந்த ஆப்பை இறக்கினாள். இந்த வண்டிக்கு உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி அதுவே வந்தது. உதவி எண்ணில் வெகுநேரம் பாட்டுப் பாடிய பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், உங்க நம்பரை உரிமையாளரே நீக்கியிருக்காரே. மறுபடி சேர்க்கணும்னா அவர்தான் கேக்கணும்."

"உரிமையாளர் நான்தான்!"

"எங்க சிஸ்டத்துல அப்படி இல்லை, மேடம். பூஜை விடுமுறை முடிஞ்சதும் பேப்பரோட வாங்க."

அழித்ததில் மூடியது அவளுடைய வாசல்தான். அந்த ஆப்பில் அவள் போட்ட பாஸ்வேர்டால் உரிமையாளராகிவிட்ட மணிவேலின் வாசல் திறந்தே இருந்தது.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் மழை பெய்யவில்லை. ஜன்னலை மூடினாலும் மேளம் கேட்டது. எதிர்வீட்டு மேக்னா சிவப்புக் கரைப் புடவையில், முகமெல்லாம் குங்குமமாக வந்து நின்றாள். துர்கையை வழியனுப்பும் முன் சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் அப்பி விளையாடும் நேரம் அது. நீ வரலைன்னா பிள்ளையையாவது அனுப்பு, நான் பார்த்துக்கறேன் என்றாள். மதுவந்தி தயங்கினாள். பிறகு, இந்த நாலு சுவருக்குள் இருப்பதைவிட நூறு பேர் நடுவில் பிள்ளை இருப்பதே பத்திரம் என்று தோன்றியது. வண்டிப் பக்கம் போகவே கூடாது என்று சாதனாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பால்கனியிலிருந்து பார்த்தாள். சாதனாவின் மஞ்சள் சட்டை பந்தலின் ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. அதே உதவி எண்.

"ஏனுங்க அம்மிணி, ஆப்ப அழிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது."

வண்டியில் பேசும் அதே குரல்; மதுவந்தி எண்ணை மறுபடி பார்த்தாள்.

"கோவமுங்களா? நாங்க ஒண்ணும் அசலாளு இல்லீங்க."

பின்னால் ஏதோ குறைந்த சத்தம். விட்டு விட்டு ஒரே சீராக. டிக். டிக். டிக். பெல்ட் போடச் சொல்லி அவள் வண்டி எழுப்பும் சத்தம்.

பால்கனிக்கு ஓடினாள். மஞ்சள் சட்டை இல்லை.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. கையில் சாவி இருந்தது. செருப்பு இல்லை. முற்றத்தில் புகை கண்ணை எரித்தது. மேக்னா அவளைக் கண்டதும் இரண்டு கைக் குங்குமத்தையும் அவள் கன்னத்தில் அப்பிச் சிரித்தாள். "சாதனா எங்கே?" என்ற கேள்வி மேளத்தில் கரைந்தது. மேக்னா அவள் காதருகே வந்து கத்தினாள். "நீதானே கூப்பிட்டே! ஹாரன் அடிச்சே, லைட் போட்டே. அம்மா கூப்பிடறான்னு ஓடினாளே!"

தரைத்தளம். தூண்கள். இருட்டு. ஒரே ஒரு வண்டிக்குள் மட்டும் வெளிச்சம்.

சாதனா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

சாவியை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி. மறுபடி. கைப்பிடியை இழுத்தாள். கண்ணாடியைக் கைமுட்டியால் குத்தினாள். கண்ணாடி கனமானது. வலி தோள்வரை ஏறியது.

"கதவத் தொற கண்ணு! உள்ள இருந்து தொற!"

சாதனா கைப்பிடியை இழுத்துக் காட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள். குழந்தைப் பூட்டு.

வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. டயர் தரையில் உருளும் மெல்லிய கரகரப்பு மட்டும். மதுவந்தி பாய்ந்து அதன் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். முட்டிக்கு அருகில் வந்து நின்றது. நடந்து போகிறவர்களை எச்சரிக்க முன்னால் வைத்திருக்கும் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"சித்த அக்கட்டால நில்லுங்க அம்மிணி. கண்ணாடியெல்லாம் சாத்தியிருக்குது. உள்ள காத்து நம்ம கையிலதானுங்க இருக்குது."

வண்டிக்குள் காற்று இரைந்தது. சாதனாவின் முன்முடி பறந்தது. பிறகு நெற்றியில் ஒட்டியது. முகம் சிவந்தது. சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாய் அசைந்தது. மா, சூடு.

"வேண்டாம்! நிறுத்து! நிறுத்துங்க!"

"அக்கட்டால போனா நிறுத்திப்போடறனுங்க."

மதுவந்தி விலகினாள். எந்தத் தாயும் விலகியிருப்பாள். இரைச்சல் உடனே அடங்கியது, சாதனாவின் முகம் தெளிந்தது. வண்டி அவளைக் கடந்தது.

கேட் அகலத் திறந்திருந்தது. சாமியை லாரியில் ஏற்றத் தோள் கொடுக்கப் போயிருந்தார் சுபோல்தா. வண்டி நடையளவு வேகத்தில் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. கூடவே அவள். ஒரு கை பின் கண்ணாடியில். உள்ளே சாதனாவின் கை அதே இடத்தில். நடுவில் கண்ணாடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தெரு முழுக்க ஆட்கள், புகை, மேளம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆஷ்சே பொச்சோர் ஆபார் ஹோபே என்று கத்தினார்கள், அடுத்த வருஷம் மறுபடியும் நடக்கும் என்று. யார் யாரோ அவள் நெற்றியில் குங்குமம் பூசினார்கள். அவள் அலறினாள்.

"எம் புள்ளைங்க! உள்ள எம் புள்ளை! ஓட்டறதுக்கு ஆளே இல்லீங்க!"

தமிழில்தான் வந்தது. ஒன்பது வருஷம் இந்த ஊரில் காய்கறி வாங்கிய வங்காளம், ஆட்டோவுக்குப் பேரம் பேசிய வங்காளம், ஒரு சொல் வரவில்லை. குழந்தை என்பதற்கு என்ன சொல்வார்கள்? காப்பாற்று என்பதற்கு? தொண்டையில் தமிழைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு கிழவர் அவள் தோளைத் தட்டி, அழாதேம்மா, துர்கா திரும்பி வருவாள் என்று தேற்றினார். அழுகிற பெண்கள் அன்றைக்கு அந்தத் தெருவில் நிறையப் பேர். கண்ணாடிக்கு உள்ளே சிரிக்கும் பிள்ளை, வெளியே குங்குமம் வழிய அழும் அம்மா. யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

"எம் புள்ளைய உட்ருங்க. உங்களுக்கு என்ன வேணும்? கேளுங்க!"

அந்தத் தெருவில் அவள் பேசியது ஒருவனுக்குத்தான் புரிந்தது.

"கேக்குதுங்க அம்மிணி," என்றது ஒலிபெருக்கி. "நல்லாவே கேக்குதுங்க."

பூஜைக் குழுத் தொண்டர்கள் விசில் அடித்தார்கள். குடும்பத்து வண்டி, வழி விடு, வழி விடு என்று கையைக் காட்டி அதை முன்னால் அனுப்பினார்கள். பிறகு குறுக்கே கயிற்றைப் பிடித்தார்கள். மதுவந்தி கயிற்றில் மோதினாள். அடியில் புகுந்தாள். யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்து, லாரி வருது, லாரி வருது என்று கத்தினார்கள். பத்துக் கைகளோடு துர்கை அசைந்து அசைந்து அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் வந்தாள். போய்க்கொண்டே இருந்தாள். லாரி முடியவே இல்லை.

முடிந்தபோது வண்டி தெருக்கோடியில் இருந்தது. பின் கண்ணாடி வழியாக உள்விளக்கின் வெளிச்சத்தில் சாதனா தெரிந்தாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி, அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டாள். முகம் மலர்ந்தது. கையை உயர்த்தினாள்.

அந்தக் கை பாதியில் நின்றது. யாரோ கூப்பிட்டதுபோல முன்பக்கம் திரும்பினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுவதுபோல ஒரு முறை தலையாட்டினாள். பிறகு சீட்டில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டாள், வெளியிலிருந்து யாருக்கும் தெரியாதபடி.

உள்விளக்கு அணைந்தது. ஆளே இல்லாத வண்டி, இடது பக்க விளக்கைச் சிமிட்டி, ஒழுங்காகத் திரும்பிப் பெரிய சாலையில் ஏறியது.